எக்ஸிட் கோடு: 0 சரி, மற்ற எண்களை எப்படிப் பங்கிடுவது?

ஒரு நிரல் முடிந்ததும், நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லிடம் ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது; அதுதான் எக்ஸிட் கோடு. 0 என்றால் வேலை நல்லபடியாக முடிந்தது. இதில் அநேகமாக யாருக்கும் சண்டையில்லை. 1 முதல் 255 வரையான எண்களில்தான் ஆளுக்கொரு வழி.

தோற்றால் 1, அவ்வளவுதான் என்பது முதல் வழி. அழைத்தவர் நிறுத்துவதா தொடர்வதா என்று மட்டும் பார்ப்பார் என்றால் இதுவே போதும்.

கோப்பில் சொல்லைத் தேடும் கிரெப், கோப்புகளை ஒப்பிடும் டிஃப் இரண்டும் இன்னொரு படி ஏறுகின்றன. கிரெப் தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, கோப்பையே திறக்க முடியாதது போன்ற கோளாறு என்றால் 2. 'இல்லை' என்பதும் ஒரு பதில்தான், பிழையல்ல என்று பிரித்துச் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. சிக்கலும் அங்கேதான். கட்டளைகளை வரிசையாக எழுதிய ஸ்கிரிப்டில் 'செட் -இ' (ஏதாவது தோற்றால் அங்கேயே நில்) போட்டிருந்தால், எதுவும் கிடைக்காத கிரெப் மொத்தத்தையும் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். ஒரு மாலை முழுக்க இதைத் தேடி அலைந்திருக்கிறேன். அப்புறம் எல்லோரும் செய்வது போல '|| ட்ரூ' (தோற்றாலும் வெற்றியாகவே கொள்) சேர்த்தேன். அது 2-ஐயும் சேர்த்து விழுங்கிவிடும் என்பது பிறகுதான் உறைத்தது.

பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகையின் உலகிலிருந்து வந்த 'சிஸ்எக்ஸிட்ஸ்' பட்டியல் 64 முதல் 78 வரை பொதுவான அர்த்தம் கொடுக்கிறது: 64 தவறாக அழைத்தீர்கள், 65 உள்ளீடு சரியில்லை, 78 அமைப்புக் கோப்பில் கோளாறு. அழகான எண்ணம். ஆனால் பின்பற்றும் நிரல்கள் குறைவு என்பதால், 65 வந்தால் அது இந்த 65-தானா என்று நம்ப முடியாது. இதில் உருப்படியானது 75: இப்போது முடியவில்லை, பிறகு முயன்று பாருங்கள். மீண்டும் ஓட்டலாமா என்பதுதானே அழைக்கும் ஸ்கிரிப்டுக்கு உண்மையில் வேண்டிய தகவல்.

இணையத்திலிருந்து தரவை எடுத்துவரும் கர்ல் தனக்கென்று நீண்ட அட்டவணையே வைத்திருக்கிறது. 6 என்றால் சர்வர் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை, 7 இணைப்பு கிடைக்கவில்லை, 28 நேரம் கடந்துவிட்டது. இத்தனை நுணுக்கம் இருந்தும், சர்வர் சொல்லும் பிழையையும் தோல்வியாக்கும் '-எஃப்' கொடுக்காமல் விட்டால், 'பக்கம் இல்லை' என்னும் 404 பக்கத்துக்கும் 0 தான் வரும்!

வட்டின் கோப்பு அமைப்பைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே எண்களைக் கூட்டித் தருகிறது: பிழையைத் திருத்தினேன் என்றால் 1, ரீபூட் செய்யுங்கள் என்றால் 2, இரண்டும் என்றால் 3. விண்டோஸில் நகலெடுக்கும் கருவியான ரோபோகாப்பியில் கோப்புகள் ஒழுங்காக நகலானாலே 1, 8-லிருந்துதான் தோல்வி. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் 0 அல்லாததெல்லாம் தோல்வி என்று நினைக்கும் கருவியின் கையில் இவை வெற்றியையும் தோல்வியாக்கிவிடும்.

நான் எழுதும் கருவிகளில் கிரெப்பின் மூன்று எண்கள், கூடவே தேவைப்பட்டால் 75. காரணத்தை விளக்கும் வேலையை பிழைச் செய்திகளுக்கான எஸ்டிடிஎர்ரில் எழுதும் ஒரு வரி பார்த்துக்கொள்ளும். 125-க்கு மேலே போவதில்லை. 126-லிருந்து பாஷ் என்ற ஷெல்லின் இடம்: 127 கட்டளையே இல்லை, 130 கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தியது, 137 என்றால் 9-ஆம் சிக்னல் (கட்டாயமாக நிறுத்தும் ஆணை) கொன்றுவிட்டது.

சிலர் கண்ட பிழைகளின் எண்ணிக்கையையே எக்ஸிட் கோடாகத் தருகிறார்கள். யுனிக்ஸில் கடைசி 8 பிட்தான் போய்ச் சேரும். சரியாக 256 பிழைகள் வரும் நாளில் ஷெல் பார்ப்பது 0.