உளுந்து மூட்டைக்கு எந்த எண்ணெய்?

பர்மாவில் பெகு பக்கம் நம் ஆட்கள் மாசி, பங்குனியில் உளுந்து அடித்து மூட்டை கட்டிவிடுகிறார்கள். வைகாசியில் மழை பிடித்து காற்றில் ஈரம் ஏறியதும் வண்டு பெருக ஆரம்பிக்கும். ஒரு பெண் வண்டு 100 முட்டை வரை இடும். சூடும் ஈரமும் இருந்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை பயறைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். இதற்கு வாசனைத் தைலம் போடலாம் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். போடலாம், ஆனால் எல்லாத் தைலமும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

நீலகிரித் தைலத்தில் வேலை செய்வது சினியோல் என்ற பொருள். ஆவியாகி, வண்டின் மூச்சுத் துளை வழியே போய் நரம்பைத் தாக்கும். மூடி இறுகிய டின்னில் பலன் உண்டு. சணல் சாக்கில் ஊற்றினால் காசுக்குக் கேடு. இன்னொன்று, தானியமே அந்த ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். காலி டப்பாவில் வண்டைக் கொன்ற அளவு, உளுந்து நிறைந்த டின்னில் போதாது.

கிராம்புத் தைலத்தில் பெரும்பங்கு யூஜினால் என்ற பொருள். மெதுவாகத்தான் ஆவியாகும், மேலே பட்ட வண்டு சாகும். ஆனால் விலை அதிகம், சோற்றிலும் வாசம் ஏறும். காலியான களஞ்சியத்தின் பலகை இடுக்குகளில் பூச இதைத்தான் நான் தேர்வு செய்வேன். எலுமிச்சைப்புல் தைலம் வண்டை விரட்டும்; ஏற்கெனவே உள்ளே இருக்கும் வண்டை அது கொல்லும் என்று நம்ப முடியாது.

இவை எல்லாவற்றையும் உளுந்தில் தோற்கடிப்பது சாதாரணக் கடலை எண்ணெய். கிலோவுக்கு 5 மில்லி, ஒவ்வொரு மணியிலும் படும்படி பிசறினால் போதும். பயறு வண்டு முட்டையைத் தோலின் மேல்தான் ஒட்டும். எண்ணெய்ப் படலம் அதை மூச்சு விட விடாது. முட்டை புதிதாக இருக்கும்போது கண்ணாடி போலிருக்கும். வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தால் புழு பயறுக்குள் போய்விட்டது, அப்புறம் தடவிப் பயனில்லை. அதனால் மூட்டை கட்டும் அன்றே தடவ வேண்டும்.

அரிசி வண்டின் கதை வேறு. அது மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு வாயை அடைத்துவிடும். மேலே பூசும் எதுவும் அங்கே எட்டாது. நெல்லை ஈரம் 13, 14 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைத்து, காற்றுப் புகாத பீப்பாயில் அடைப்பதே வழி.

வண்டைக் கொல்லப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மட்டும் ஆள் படுக்கும் வீட்டில் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு ஆளையே கொல்லும்.

விதை உளுந்துக்கு வேப்பெண்ணெய் நல்லது. இது வாசனைத் தைலம் அல்ல, கொட்டையில் ஆட்டிய எண்ணெய். அதிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள் புழுவின் வளர்ச்சியைக் கெடுக்கும். கசப்பு இருப்பதால் சமையலுக்கு வைக்கும் பயறில் வேண்டாம். விதைக்கும் முன் 100 மணியை ஈரத்துணியில் முடிந்துவைத்து எத்தனை முளைக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.