பிடித்த நிலையில் நிற்கும் புரதங்கள்: புரதத் தரவு வங்கி, ஒரு மதிப்புரை

புரதங்கள் டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் எவ்வாறு இனங்கண்டு பற்றிக்கொள்கின்றன என்பதைப் பாடநூல் படங்களில் மட்டுமே பார்த்தவர்கள், மூலக்கூறுகளின் முப்பரிமாண வடிவங்களைச் சேர்த்துவைக்கும் இணையக் களஞ்சியமான, 1971இல் 7 கட்டமைப்புகளுடன் தொடங்கி இன்று 2 லட்சத்தைத் தாண்டிவிட்ட புரதத் தரவு வங்கியை அவசியம் திறந்து பார்க்க வேண்டும். கட்டணமும் இல்லை, கணக்குத் தொடங்கும் தேவையும் இல்லை. உலாவியிலேயே இயங்கும் மோல்ஸ்டார் கருவியில் மூலக்கூறை விரும்பியபடி சுழற்றிப் பார்க்கலாம்.

நான் முதலில் பரிந்துரைப்பது 1991இல் வெளியான ஸிஃப்268 என்னும் துத்தநாக விரல் புரதத்தின் (துத்தநாக அயனியால் நிலைபெறும் விரல் போன்ற மடிப்புகள் கொண்டது) பதிவு. அதன் மூன்று விரல்களும் டிஎன்ஏ இரட்டைச் சுருளின் இரு பள்ளங்களில் பெரியதில் அடுத்தடுத்துப் படிந்திருக்க, ஒவ்வொரு விரலும் ஏறத்தாழ மூன்று கார இணைகளை, அதாவது டிஎன்ஏவின் எழுத்து இணைகளை, படிக்கிறது. சற்று நெருங்கினால், ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் ஒன்று குவானின் என்னும் காரத்தை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்திருப்பது தெரியும். இரட்டைச் சுருளைப் பிரிக்காமலேயே எழுத்துகளைப் படிக்கும் வித்தை இதுதான் என்பது, பல பக்க விளக்கத்தைவிட இந்த ஒரு காட்சியில் எளிதாக விளங்கிவிடுகிறது. டாட்டா பெட்டி என்னும், மரபணுவின் தொடக்கத்துக்கு அருகிலுள்ள டிஎன்ஏ வரிசையில் அமரும் புரதமோ சிறிய பள்ளத்தில் நுழைந்து டிஎன்ஏவையே கூர்மையாக வளைத்துவிடுகிறது. ஆர்என்ஏவைப் பற்றும் யு1ஏ புரதத்தில், ஆர்என்ஏ வளையத்தின் காரங்கள் விரிந்து, புரதத் தகட்டின் அரோமாட்டிக் (தட்டையான வளையம் கொண்ட) அமினோ அமிலங்கள்மீது அடுக்காகப் படிகின்றன. ஒற்றை இழையாக நிற்கும் பகுதியில்தான் இப்படியொரு பிடி எளிது.

1ஏஓஐ என்ற குறியீட்டில் கிடைக்கும் 1997ஆம் ஆண்டின் நியூக்ளியோசோம் (ஹிஸ்டோன் என்னும் புரதங்களைச் சுற்றி டிஎன்ஏ சுருண்டிருக்கும் அலகு) வேறு வகை. எட்டு ஹிஸ்டோன்களைச் சுற்றியுள்ள 146 கார இணைகளில் புரதம் பெரும்பாலும் டிஎன்ஏவின் வெளிப்புறச் சட்டமான பாஸ்பேட் முதுகெலும்பையே தொடுகிறது. ஆகவேதான் எழுத்து வரிசை எதுவாயினும் ஹிஸ்டோன்களால் பெரும்பாலும் அதைச் சுற்றிவைக்க முடிகிறது.

குறைகளும் உண்டு. இங்குள்ளவை பெரும்பாலும் உறைந்த காட்சிகள். சரியான இடத்தைத் தேடிப் புரதம் டிஎன்ஏமீது வழுக்கிச் செல்வதை எந்தப் பதிவும் காட்டாது. ஹிஸ்டோன் வால்களைப் போல நிலையான வடிவமற்ற பகுதிகள் பல கட்டமைப்புகளில் விடுபட்டிருக்கும். அங்கே ஒன்றுமில்லை என்று புதியவர் எண்ணிவிடக்கூடும். ஒரே புரதத்திற்குப் பல பதிவுகள் வரிசையாக வந்து நிற்பதும் குழப்பம் தருவதே. அத்தகைய வேளையில் எவ்வளவு நுண்ணிய விவரம் தெரிகிறது என்பதைச் சொல்லும் பிரிதிறன் எண்ணைப் பார்த்து (எண் சிறிதானால் தெளிவு அதிகம்), 2 ஆங்ஸ்ட்ராமை (ஓர் ஆங்ஸ்ட்ராம் ஒரு மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) ஒட்டிய பதிவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 4 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டிய பதிவில் தனித்தனி ஹைட்ரஜன் பிணைப்புகளை எண்ணத் தொடங்குவது வீண்வேலை.