கிளிநொச்சியில் ஒரு காலமெய்யியல் வகுப்பு

ஏ9 வீதியோரத் தனியார் கல்வி நிலையமொன்றில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நடந்த, காலம் என்பது என்ன என்று ஆராயும் காலமெய்யியல் வகுப்பை முழுமையாகக் கேட்டேன். உயர்தரத்தில் அளவையியல் படித்தவர்கள் தயங்காமல் சேரலாம். ஆனால் மூன்றாம் வகுப்பில் எனக்குப் பெரிய குறை உண்டு.

முதல் வகுப்பு மிகச் சிறந்தது. 1996 இல் அரசாங்கம் கடிகாரங்களை முன்தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றதையும், ஓமந்தையைக் கடந்தவர்கள் 2006 வரை அரை மணித்தியால வித்தியாசத்தோடு பயணித்ததையும் ஆசிரியர் எடுத்துக்கொண்டார். கடிகாரம் காட்டுவதே காலம், காலத்தைக் காட்டுவதே கடிகாரம் என்ற வரைவிலக்கணம் வட்டமாகச் சுழல்வது அங்கே தெளிவாயிற்று: இரண்டு கடிகாரங்கள் முரண்பட்டபோதும், புறப்பட்டது முன், சேர்ந்தது பின் என்ற ஒழுங்கு சற்றும் மாறவில்லை.

இரண்டாம் வகுப்பு, காலம் ஓடுகிறதென்றால் எவ்வளவு வேகத்தில் என்று மெய்யியலாளர் ஸ்மார்ட் 1949 இல் எழுப்பிய கேள்வியைப் பேசியது. இரணைமடுக் குளத்தின் துருசைத் (மதகைத்) திறந்தால் வாய்க்காலில் செக்கனுக்கு இத்தனை கன அடி ஓடுகிறது என்கிறோம். காலமே ஓடுகிறதென்றால் அதன் வேகத்தை அளக்க இன்னொரு காலம் வேண்டும், அதுவும் ஓடினால் மூன்றாவது.

மூன்றாம் வகுப்பு, காலம் மெய்யானதல்ல என்று மெய்யியலாளர் மக்ரகாட் 1908 இல் முன்வைத்த வாதம். எதிர்வு (எதிர்காலம்), நிகழ்வு (நிகழ்காலம்), இறப்பு (இறந்தகாலம்) என்பவை ஒன்றையொன்று விலக்குபவை. ஆயினும் காலபோக அறுவடைக்கு மூன்றும் உரியன. ஒரே வேளையில் அல்லவே, முன்பு எதிர்வு, இப்போது நிகழ்வு, பின்பு இறப்பு என்று மறுமொழி சொன்னால், அந்த ‘முன்பு, இப்போது, பின்பு’ என்பவற்றிலும் அதே முரண்பாடு எழ, அதைத் தீர்க்க மேலும் ஓர் அடுக்கு தேவைப்படுகிறது. சுற்றிவந்து தன்னையே சாரும் விளக்கத்தைச் சக்கரகம் என்றும், முடிவின்றிப் பின்செல்வதை அனவத்தை என்றும் நம் தருக்க மரபு தனித்தனிக் குற்றங்களாகப் பிரித்திருக்க, ஆசிரியர் இரண்டையும் ஒன்றாகவே நடத்தினார். முடிவிலாத் தொடர் எல்லாமே குற்றமல்ல என்பதையும் சொல்லவில்லை. மழை பெய்தது உண்மை, அது உண்மை என்பதும் உண்மை என்று எவ்வளவு நீட்டினாலும், பெய்த மழை அடுத்த படியை நம்பி நிற்பதில்லை. மக்ரகாட்டின் தொடரிலோ ஒவ்வொரு படியும் தன் முரண்பாட்டை அடுத்த படியிடமே ஒப்படைக்கிறது. நுண்கடனை அடைக்க இன்னொரு நுண்கடன் எடுத்த குடும்பங்கள் உள்ள இந்த மண்ணில், இந்த வேறுபாட்டை விளங்கவைக்க ஐந்து நிமிடம் போதும். முதற்படியிலேயே முரண்பாடு இல்லை என்று 1938 இல் மெய்யியலாளர் புறோட் எழுதிய மறுப்புக்கும் நேரம் கிடைக்கவில்லை.

அடுத்த முறை இந்தப் பகுதிக்கு மட்டும் இன்னொரு ஞாயிறு ஒதுக்குமாறு நிலையத்தாரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். ஒதுக்கினால் மீண்டும் பணம் கட்டிச் சேர்வேன்.