வெளுக்காத ஜவ்வரிசி: சில வருடங்கள் சமைத்துப் பார்த்ததில்

எங்கள் வீட்டில் சில வருடங்களாக லேசான பழுப்பு ஓடிய மாவு ஜவ்வரிசிதான் வாங்குகிறோம். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் கேட்டால் உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள். கேட்காவிட்டால் பளீரென்ற வெள்ளையைத்தான் கட்டுவார்கள். "வெள்ளையா இல்லைன்னா யாரும் கையில எடுக்கறதில்லைங்க" என்றார் கடைக்காரர்.

அந்த வெள்ளை எப்படி வருகிறது? மரவள்ளிக் கிழங்கைத் தோல் நன்றாகச் சீவி, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டால் மாவு தானாகவே வெண்மையாகத்தான் இருக்கும். தோல் சீவும் கூலியை மிச்சம் பிடிக்கும் இடங்களில் மாவு கறுக்கும். அதை மறைக்க வெளுப்பு ரசாயனம் சேர்ப்பார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையினர் சேலம் மாவட்ட ஆலைகளில் இப்படிப்பட்ட ஜவ்வரிசியைப் பலமுறை பறிமுதல் செய்திருக்கிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் இது!

சமையலில் குறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. கழுவும்போது கிழங்கு வாசம் லேசாக வரும். வெந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பால் ஊற்றிய பாயசத்தில் எந்த ஜவ்வரிசி என்று யாராலும் சொல்ல முடியாது. வத்தல் மட்டும் மொட்டைமாடியில் காயும்போது மஞ்சளித்துத் தெரியும், பொரித்தால் நன்றாகவே உப்புகிறது. நிறம் மூட்டைக்கு மூட்டை மாறும். மங்கலாக இருப்பதெல்லாம் நல்லது என்றும் நம்பிவிடக் கூடாது, ஈரம் பட்டுப் பூத்த பழைய சரக்கும் அப்படித்தான் இருக்கும். ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறேன்.

என்னை உறுத்துவது தண்ணீர். கிழங்கிலுள்ள சயனைடு அரைக்கும்போது கழிவுநீரோடு வெளியேறுகிறது. கூடவே கரைந்த மாவும் புளித்து நாறுகிறது. வெளுப்பு ரசாயனமும் அதே வாய்க்காலில்தான் இறங்குகிறது. ஆத்தூர்ப் பக்கம் வசிஷ்ட நதி இதனால் பட்ட பாட்டை அங்குள்ள விவசாயிகளிடம் கேட்டால் சொல்வார்கள். அவர்களுக்கு இன்னொரு அடியும் உண்டு. கிழங்குக்கு விலை, அதில் மாவுச்சத்து எவ்வளவு என்று அளக்கும் பாயிண்ட் கணக்கில்தான். ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவைக் கலந்தால் ஆலைக்குக் கிழங்கின் தேவை குறையும், விலை இறங்கும். நிறத்தை மட்டும் பார்த்து வாங்குகிற வரை இந்தக் கலப்படம் நம் கண்ணில் படாது.

ஒழுங்காக நடத்தும் ஆலைகளும் இருக்கின்றன. கழிவுநீரை மூடிய தொட்டியில் புளிக்கவிட்டு எரிவாயு எடுத்து அதையே எரிபொருளாக்குகிறார்கள், மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. ஆனால் நான் வாங்கிய எந்தப் பாக்கெட்டிலும் இந்த விவரம் இல்லை. தோல் சீவிய கிழங்கு, வெளுப்பு சேர்க்கவில்லை, கழிவுநீர் சுத்திகரிக்கப்படுகிறது என்று மூன்று வரி அச்சடித்து வந்தால் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்க நான் தயார். கடையில் ஒவ்வொரு முறையும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.