ஓட்டுநருக்குப் பயிற்சியா, மெக்கானிக்குக்குப் பயிற்சியா?

போக்குவரத்துத் துறையில் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும்போது இரண்டு வழிகள் முன்னால் நிற்கும்: ஓட்டுநருக்குச் சிக்கனமாக ஓட்டக் கற்றுத் தருவது, அல்லது மெக்கானிக்கை மின்சாரப் பேருந்துக்குத் தயார்ப்படுத்துவது.

முதலாவது சீக்கிரம் பலன் தரும். ஓரிரு நாள் வகுப்பு போதும். தூரத்தில் சிக்னல் சிவப்பாகத் தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியை உருள விடுவது, டிப்போவில் சும்மா உறுமும் இன்ஜினை அணைப்பது, அவ்வளவுதான். டீசல் மிச்சம்; டிப்போவை ஒட்டிய வீடுகளுக்குள் போகும் புகையும் குறையும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. என்ன, பழைய கால் பழக்கம் லேசில் போகாது. அடிக்கடி நினைவூட்ட வேண்டும்.

இரண்டாவதற்கு மாதக்கணக்கில் ஆகும். பேட்டரியில் பல நூறு வோல்ட். காப்புக் கையுறை போடாமல், மின்சாரம் துண்டாகிவிட்டதா என்று சோதிக்காமல் கை வைக்க முடியாது. ஆனால் புகைக்குழாயே இல்லாத வண்டி ஓடுவது இவர்கள் கையில்தான். (டயர் தூசி இதிலும் உண்டு, அது வேறு கதை.) பழுது பார்க்க ஆளில்லாமல் அது ஷெட்டில் நின்றால், அதே ரூட்டில் பழைய டீசல் வண்டிதான் போகும்.

என்னைக் கேட்டால், பெரிய தொகை மெக்கானிக் பயிற்சிக்கு. கடைசி டீசல் வண்டி ஓய்வு பெறும்வரை ஓட்டுநர் வகுப்பும் நடக்கட்டும்.