அஸ்பரகஸ்: விதை போடுறதா, கிழங்கு நடுறதா?

இளங்குருத்தை வெட்டிச் சாப்பிடுற மரக்கறிதான் அஸ்பரகஸ். விதையா, கிழங்கா (வேரோட இருக்கிற அடிக்கட்டை) எண்டு திருகோணமலையில வீட்டுத்தோட்டம் வச்சிருக்கிற ஆக்கள் ரெண்டுக்கும் நடுவில நிண்டு யோசிக்கிறீங்க, அதான் எழுதுறன்.

காசு: விதை மலிவு. கிழங்கு ஒவ்வொண்டா எண்ணி வாங்கோணும், வெளிநாட்டில இருந்தெண்டா குவாரண்டைன் பெர்மிட்டும் வேணும், சூட்கேசுக்குள்ள ஒளிச்சுக் கொண்டுவர நினைக்காதீங்க.

காலம்: குளிர்நாட்டுக் கணக்கில முதல் அறுவடைக்கு விதையெண்டா 3 வருசம், கிழங்கெண்டா 2. நம்மட வெக்கையில செடி உறங்கவே போகாது, அதால தாய்லாந்துக்காரர் மாதிரி ஒரு செடிக்கு 4, 5 தாய்த்தண்டை வளரவிட்டுட்டு மிச்சக் குருத்தை மட்டும் வெட்டினா விதைச்செடியும் சுறுக்கா அறுவடைக்கு வந்திரும்.

மெனக்கேடு: விதை முளைக்கவே 2, 3 கிழமை, நாத்து நூல் மாதிரி இருக்கும், களை மூடிப்போடும். கிழங்கெண்டா கான் வெட்டி, வேரை விரிச்சு வச்சு மூடினாச் சரி.

மாரி: இங்கதான் விசயமே இருக்கு. ஒக்டோபர் தொடங்கி சனவரி மட்டும் அடிக்கிற மழையில தண்ணி நிண்டா வேர் அழுகிரும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து மணல் இதுக்குத் தோது, கொஞ்சம் உவரும் தாங்கும், ஆனா மாட்டெரு நல்லா அள்ளிப் போடோணும், களிமண்ணெண்டா பாத்தியை உசத்துங்க. விதை நாத்தைச் சாடியிலயே வளத்து மழை விட்டாப்பிறகு நிலத்தில வைக்கலாம், கிழங்கு அப்பிடிக் காத்திருக்காது, காஞ்சிரும்.

மழை முடியிற நேரத்தில நல்ல கிழங்கு கிடைக்குது, கையில காசும் இருக்கெண்டா கிழங்கை வைங்க. மற்ற எல்லாருக்கும் விதைதான், அதுவும் கச்சான் காத்துக் காலத்தில பின்னேரம் பின்னேரம் தண்ணி ஊத்த வீட்டில ஆள் இருந்தா மட்டும்.