கத்தரிக்குத் தப்பியவை: இரண்டு ஃபிராங்கன்ஸ்டைன் ப்ளூரே தட்டுகள்

யுனிவர்சல் நிறுவனம் தன் பழைய திகில் படங்களில் எட்டைத் தேர்ந்து 2012-ஆம் ஆண்டு ஒரே ப்ளூரே பெட்டியாக வெளியிட்டது. அந்த எட்டைப் பற்றியும் எழுத எனக்கு விருப்பமில்லை. 1931-இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’, 1935-இல் வந்த அதன் தொடர்ச்சியான ‘பிரைடு ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ ஆகிய இரண்டு தட்டுகளை மட்டும், புத்தகமாக அச்சில் வந்துள்ள அவற்றின் திரைக்கதைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, மூன்று வாரம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தாளில் இருந்த படம் வெட்டுமேசையைத் தாண்டி வரும்போது என்ன ஆகிறது என்று அறிய விரும்பும் ஒருவருக்கு இத்தட்டுகள் எந்த அளவுக்கு உதவும் என்பதே என் கேள்வி.

படத்தின் துலக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இதுவரை தொலைக்காட்சியிலும் மங்கலான டிவிடியிலும் பார்த்தவர்களுக்கு இது வேறு படமாகவே தோன்றும். அரக்கனாக நடித்த போரிஸ் கார்லாஃப் முதன்முதலாகத் திரையில் தோன்றும் இடத்தை எடுத்துக்கொள்வோம். அரக்கன் முதுகைக் காட்டியபடி வாசலில் நுழைந்து மெல்லத் திரும்புகிறான். முகம் தெரிந்ததும் கேமரா நகர்ந்து அருகே போவதில்லை. ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு என்று முகம் தாவித் தாவி நம்மை நெருங்குகிறது. ஜாக் பியர்ஸின் ஒப்பனையில் கனத்துத் தொங்கும் இமைகளை இந்தத் தட்டில்தான் நான் சரியாகப் பார்த்தேன். எழுத்தால் செய்ய முடியாத அந்த அச்சத்தைச் செய்தது படத்தொகுப்பு.

ஆனால் அதே கத்தரி இதே படத்தில் செய்த அநியாயம் ஏரிக்கரைக் காட்சியில் இருக்கிறது. சிறுமி மரியா அரக்கனைக் கண்டு அஞ்சாமல் அவன் கையில் பூக்களைக் கொடுக்கிறாள். இருவரும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட, பூக்கள் மிதக்கின்றன. தன் கையிலிருந்த பூக்கள் தீர்ந்துபோனதும், இவளும் பூவைப் போலத்தானே என்று எண்ணி அவளைத் தூக்கி ஏரியில் போடுகிறான். அவள் மிதக்கவில்லை என்று கண்டதும் கலங்கி, தண்ணீரைத் துழாவிவிட்டு ஓடுகிறான். பிற்பாடு மறுவெளியீட்டுக்காகத் தணிக்கை செய்யப்பட்ட பிரதிகளில், அவன் இரு கைகளையும் அவளை நோக்கி நீட்டும் இடத்திலேயே காட்சி அறுந்துவிடும். சற்று நேரம் கழித்து, தந்தை அவளுடைய உயிரற்ற உடலை ஏந்தி ஊருக்குள் நடந்து வருவார். இடையில் நடந்ததைப் பார்வையாளர் தானே கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான். அந்தக் கற்பனை எவ்வளவு கேவலமான இடத்துக்குப் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கொடுமையைக் குறைக்கிறோம் என்று வெட்டியவர்கள் ஒரு குழந்தைத்தனமான தவற்றை வன்கொடுமையாக மாற்றிவிட்டார்கள். 1980-களில் மீட்கப்பட்ட அந்தத் துண்டு இத்தட்டில் உரிய இடத்தில் இருக்கிறது. ஒட்டுப் போட்ட தடம் கண்ணில் படவில்லை. அரக்கனுக்கு உயிர் கொடுத்த கணத்தில், அவனை உருவாக்கிய விஞ்ஞானி ஹென்றி ஃபிராங்கன்ஸ்டைன் தன்னைக் கடவுளோடு ஒப்பிட்டுக் கத்தும் வசனமும் இப்படித்தான் நெடுங்காலம் இடியோசைக்கு அடியில் புதைந்து கிடந்தது. இப்போது அது தெளிவாகக் கேட்கிறது.

வெட்டியிருக்க வேண்டியதை வெட்டாமல் விட்டதும் உண்டு. ஹென்றியின் உதவியாளனான கூனன் ஃபிரிட்ஸ் நல்ல மூளை இருந்த கண்ணாடிக் குடுவையை நழுவவிட்டு, குற்றவாளியின் மூளையைத் தூக்கி வருகிறான். மேரி ஷெல்லியின் மூல நாவலில் இல்லாத இந்தக் கிளைக்கதை, அரக்கனின் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு மலிவான காரணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. இயக்குநர் ஜேம்ஸ் வேலும் கார்லாஃபும் அதைப் பொருட்படுத்தாமல், அவனைப் பச்சைக் குழந்தையாகவே காட்டினார்கள். தாளில் இருந்த கருத்தை நடிப்பு தோற்கடித்துவிட்டது என்பது என் எண்ணம்.

முடிவைப் பொறுத்தவரை, காற்றாலையின் உச்சியிலிருந்து வீசப்படும் ஹென்றி இறந்துபோவதாகவே முதலில் இருந்தது. கடைசி நேரத்தில் அவனைப் பிழைக்க வைத்து, அவன் தந்தையான முதிய பிரபு பணிப்பெண்கள் சூழ மதுக்கோப்பையை உயர்த்தி வாழ்த்துவதாக ஒரு வால் ஒட்டப்பட்டது. ஹென்றியாக நடித்த காலின் கிளைவ் அதற்குள் படப்பிடிப்பை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டபடியால், கட்டிலில் தூரத்தில் படுத்திருப்பவர் வேறொருவர். ப்ளூரேயின் துலக்கத்தில் இந்த ஏமாற்று முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே வெளிப்படுகிறது. ஆனால் இந்த வால் இல்லாவிட்டால் இரண்டாம் படமே பிறந்திருக்காது.

அந்த இரண்டாம் படத்துக்கு வருவோம். வில்லியம் ஹர்ல்பட் எழுதிய திரைக்கதை, 1934-இன் நடுப்பகுதியில் இறுகிவிட்ட தணிக்கை நெறிகளின் கீழ், ஹாலிவுட் படங்களைத் தணிக்கை செய்த ஜோசப் ப்ரீனின் அலுவலகத்துக்குப் போனது. கடவுளைப் பற்றிய பேச்சும் கொலைகளின் எண்ணிக்கையும் அங்கே உறுத்தின. கல்லறைத் தோட்டத்தில் ஓடும் அரக்கன், சிலுவையில் அறையப்பட்ட உருவத்தைக் கண்டு, யாரோ தன்னைப் போல் துன்புறுகிறான் என்று நினைத்து அதை இறக்கிக் காப்பாற்ற முயல்வதாகத் திரைக்கதையில் ஓர் இடம் இருந்தது. அதுவும் அனுமதிக்கப்படவில்லை. வேல் என்ன செய்தார் என்பதைத் தட்டை நிறுத்திப் பாருங்கள்: அரக்கன் ஒரு பேராயரின் சிலையைக் கவிழ்க்கிறான், ஆனால் அதே சட்டகத்தில் அந்தச் சிலுவை உயரமாக நிற்கிறது. அதற்கு முன்பே ஊரார் அவனைப் பிடித்து, கைகளைக் கட்டி, கம்பத்தில் ஏற்றி நிமிர்த்தியிருக்கிறார்கள். அரக்கனுக்கு அடைக்கலம் தரும் பார்வையற்ற துறவியின் குடிசைக் காட்சி இருளும்போது, சுவரில் உள்ள சிலுவை மட்டும் ஒரு நொடி கூடுதலாக ஒளிர்கிறது. தாளில் அழிக்கப்பட்ட ஓர் எண்ணம் படம் முழுக்கச் சிதறி முளைத்திருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. தடை இல்லாதிருந்தால் அது ஒரே காட்சியோடு முடிந்திருக்கும். அந்த வகையில் ப்ரீனுக்கும் நாம் கொஞ்சம் கடன்பட்டவர்களே.

முன்னோட்டத் திரையிடலுக்குப் பிறகு ஏறக்குறைய கால் மணி நேரப் படம் வெட்டப்பட்டு, 75 நிமிடங்களாகச் சுருங்கியது. போனவற்றில் பெரியது கார்லின் கதை. முதல் படத்தில் ஃபிரிட்ஸாக வந்த டுவைட் ஃப்ரை இதில் கார்லாக வருகிறார். அவன் தன் மாமனைக் கொன்றுவிட்டு, பழியை அரக்கன் மேல் போடுவதாக ஒரு நீண்ட பகுதி எடுக்கப்பட்டிருந்தது. மேரி ஷெல்லியாக எல்சா லான்செஸ்டர் வரும் தொடக்கக் காட்சியும், கவிஞர் பைரனோடும் கணவரோடும் நடக்கும் துடுக்கான பேச்சுகள் நீங்கிச் சிறுத்துப்போனது. அவர் அணிந்திருந்த கவுனின் கழுத்து இறக்கமும் தணிக்கையாளர்களின் கவலைகளில் ஒன்றாக இருந்தது. இழந்த துண்டுகளுக்காக வருந்துவது ரசிகர்களின் வழக்கம் என்றாலும், கார்லின் பகுதியைத் திரைக்கதையில் படித்த எனக்கு வருத்தம் வரவில்லை. ஓர் ஊர்க்கொலைக் கதை நடுவே புகுந்தால், துறவியின் வயலினுக்கும், அரக்கனுக்காக உருவாக்கப்படும் மணமகள் கண்விழிப்பதற்கும் இடையே படம் தொய்ந்திருக்கும்.

முடிவு இங்கும் மாறியது. கோபுரம் வெடித்துச் சிதறும்போது ஹென்றியும் உள்ளேயே மாண்டுபோவதாக முதலில் படமாக்கினார்கள். பிறகு ஹென்றியின் துணைவி எலிசபெத் தப்பி வந்து கதவைத் தட்டுவதும், அரக்கன் அவர்கள் இருவரையும் வாழச் சொல்லி அனுப்பிவிட்டு, மணமகளை உருவாக்க ஹென்றியை வற்புறுத்திய டாக்டர் ப்ரிட்டோரியஸை நிறுத்திவைத்து, “நாமெல்லாம் செத்தவர்களோடு சேர்ந்தவர்கள்” என்ற பொருளில் சொல்லி நெம்புகோலை இழுப்பதும் சேர்க்கப்பட்டன. எனக்கு இந்தப் புதிய முடிவே மேலானது. பழையதில் எல்லோரும் சாகிறார்கள், அவ்வளவுதான். புதியதில் யார் வாழ வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு, மனிதரில் சேர்க்கப்படாத ஒருவனிடம் வந்து சேர்கிறது.

இனித் துணைச் சரக்குகள். முதல் தட்டில், படம் ஓடும்போதே அதை விளக்கிப் பேசும் வர்ணனைத் தடங்கள் உள்ளன; திரைப்பட வரலாற்றாளர்கள் ருடி பெல்மர், கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் ஆகிய இருவரும் தனித்தனியே பேசியிருக்கிறார்கள். இரண்டாம் தட்டில் ஸ்காட் மெக்வீனின் வர்ணனை இருக்கிறது. வெட்டப்பட்ட பகுதிகள் எங்கே இருந்தன என்று தேடிப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். மூவரும் வேகமாகப் பேசுகிறார்கள், தமிழ்த் துணைவசனம் கிடையாது; ஆங்கிலம் காதில் சட்டென ஏறாதவர்கள் இரண்டாம் முறையும் ஓட்ட வேண்டியிருக்கும். ‘பிரைடு’ படத்தின் வெட்டப்பட்ட காட்சிகளை எதிர்பார்த்து யாரும் வாங்க வேண்டாம்; அவை மீண்டதாகத் தகவல் இல்லை. திரைக்கதையும் பெட்டியில் வைக்கப்படவில்லை என்பதால், புத்தகத்தைத் தனியே தேடிப் பிடிப்பது நல்லது. எனக்கு அனுப்பிய விற்பனையாளர் பெட்டியை வெறும் காகித உறையில் போட்டு அனுப்பியதில் ஒரு மூலை நசுங்கிவிட்டது; தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எட்டுப் படங்களுக்குமாகப் பணம் கொடுக்க மனம் வராதவர்கள், தனித்தட்டாகக் கிடைத்தால் ‘பிரைடு’ ஒன்றை மட்டுமாவது வாங்கலாம். அதன் கடைசி நிமிடத்தில் ரிமோட்டைக் கையில் வைத்திருங்கள். ஹென்றியும் எலிசபெத்தும் வெளியே ஓடிவிட்டார்கள். கோபுரத்தின் உட்புறம் இடிந்து விழுகிறது. அந்த ஷாட்டைச் சட்டகம் சட்டகமாக நகர்த்தினால், சரியும் கற்களுக்கு நடுவே, சுவரோரம் ஓர் உருவம் இன்னும் நின்றுகொண்டிருப்பது தெரியும். மீண்டும் எடுக்கச் செலவாகும் என்று அந்த வெடிப்பை அப்படியே வைத்துக்கொண்டார்கள் போலும். வெளியே எலிசபெத்தை அணைத்தபடி நிற்கும் அதே காலின் கிளைவ்தான் உள்ளேயும் நிற்கிறார்.